ஒரு சக்கரம் மட்டும்

பகவதிபுரம் தாண்டினால் மலை,
குகை, அப்புறம் கேரளம்.
நான் இந்தப் பக்கத்துக் கேட்டில்
மலையாளத்துக்குப் போகும் வைக்கோல் லாரிகளை
நிறுத்திவைத்து வண்டியை விடுகிறவன்.

செங்கோட்டையில் பின்னால் இன்னொரு என்ஜினைக் கோர்த்துத்தான்
மலையேற்றுவார்கள்.
முன்பெட்டிக்காரர்களுக்கு அது தெரியாது.
தூங்குகிறவர்களுக்கு எதுவுமே தெரியாது.

ராத்திரி டூட்டியில் அவள் கூப்பிடுவாள்.
இங்கே இரண்டரை என்றால் அங்கே பதினொன்று.
குழல்வாய்மொழி, குற்றாலத்து அம்மன் பெயர்.
ஹெல்சிங்கிக்காரர்கள் அதில் தடுக்கித் தடுக்கி விழுந்து
கடைசியில் ‘மொய்’ என்று வைத்துக்கொண்டார்களாம்.
அவர்கள் பாஷையில் அது வணக்கமாம்.
நம்ம ஊரில் அது
நோட்டில் எழுதி
திருப்பிச் செய்யவேண்டியது என்றேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
புனலூர் ஏஜென்டுக்கு இன்னும் மூன்றரை லட்சம் பாக்கி.

அந்த ஊர்ப் பெரிய ஸ்டேஷனைப் போனில் காட்டினாள்.
மணிக்கூண்டு, அதன்மேல் பனி.
வாசலில் நாலு கல் மனுசர்கள்,
ஆளுக்கொரு விளக்கு உருண்டையை
இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு.
“நூறு வருசமா இவனுகளுக்கு ரிலீவர் வரலியோ?”
அதற்குச் சிரித்தாள்.

மகள் அந்த நாலு பேரையும் வரைந்து
என்னை மாதிரியே காக்கிச் சட்டை போட்டுவிட்டாள்.
அம்மா வெளிநாட்டில் நர்ஸ் என்று
மூன்றாம் வகுப்பு முழுக்கத் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி, என்பாள்.
ஷிப்ட் முடிந்து திரும்பும் வழி, என்பாள்.
போனாலும் வந்தாலும்
வழியில் ஸ்டேஷன்தான் இருந்தது.

எனக்குக் கண் சுமார்தான்.
காது அப்படியில்லை.
பதினாறு வருசமாக இருட்டைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறேன்.
ஓடுகிற வண்டியில் ஒரு சக்கரம் தேய்ந்து தட்டையாகியிருந்தால்
எத்தனாவது பெட்டி என்று சொல்லிவிடுவேன்.

மார்கழியில் ஒரு நாள்.
மகளுக்குப் பல் விழுந்ததை விசாரித்துக்கொண்டிருந்தாள்.
அவளுக்குப் பின்னால் சின்னதாக ஒரு வண்டி.
நாலு சக்கரம். ஒன்று மட்டும் கீச்சிட்டது.
அவள் நின்றால் நின்றது.
நடந்தால் வந்தது.
பிறகு தண்ணீர் பிழியும் சத்தம்,
உயரமான கூரை அதைத் திருப்பிச் சொல்லும் சத்தம்.

நம்ம ஸ்டேஷன் கழுவும் பேச்சித்தாயின் வாளிக்குச்
சக்கரம் கிடையாது.

கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.
ஆனால் வேலைப் பழக்கம், வாய் முந்திவிட்டது:
“பின்பக்கம் இடது சக்கரம்.
ரெண்டு சொட்டு எண்ணெய் விடு.”

அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.
அறிவிப்புப் பெண் ஒருத்தி
எனக்குப் புரியாத இரண்டு பாஷையில்
யாரோ ஏறவேண்டிய வண்டியைச் சொல்லி முடித்தாள்.
“வைக்கேன்” என்றாள் மொழி.
போனையா, எண்ணெயையா என்று தெரியவில்லை.

ஒன்பது நாள் கூப்பிடவில்லை.

பத்தாவது நாள்
மாமியாருக்குச் சர்க்கரை எவ்வளவு,
கரண்டு பில் கட்டியாச்சா,
கேஸ் எப்போ தீரும்.
நான் பதில் சொல்லிக்கொண்டே
பின்னால் கேட்டுக்கொண்டிருந்தேன்.
வண்டி அவள் கூடவே வந்தது.
நாலு சக்கரமும் சத்தமில்லாமல்.

“இன்னும் மூணு பிளாட்பாரம் கெடக்கு” என்றாள்,
எப்போதும் அப்படித்தான் சொல்கிறவள் போல.
“தரை ரொம்ப வழுக்குமோ?” என்றேன்,
எப்போதும் அப்படித்தான் கேட்கிறவன் போல.
“உப்புப் போடுவாங்க.”

கேட்டை அடைக்க மணி அடித்தது.
வைக்கோல் லாரி ஒன்று முணுமுணுத்தபடி நின்றது.
பச்சை விளக்கைப் பிடித்துக்கொண்டு
வெளியே போய் நின்றேன்.
பெட்டி பெட்டியாகத் தூக்கம் கடந்து போனது,
எல்லாவற்றுக்கும் கடைசியில்
தள்ளிக்கொண்டு வந்தது அது.

போனை நான் அணைக்கவில்லை.
சட்டைப்பையிலிருந்து கேட்டாள்:
“பாலருவியா? லேட்டா?”